கோல்டிக்கு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

கேள்வி இதுதான்: டிரம் அண்ட் பேஸ் என்ற பிரிட்டிஷ் மின்னணு நடன இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் கோல்டியின் பெயர் முன்வரிசையில் வந்துவிடுகிறது. ஆனால் அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர். ஸ்டுடியோவில் இயந்திரங்களை இயக்கியவர்கள் வேறு ஆட்கள். மேடையில் இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்கவிடும் கைத்திறனில் ஆண்டி சி போன்ற டிஜேக்கள் அவரைவிட மேல். அப்படியிருக்க அவருக்கு இந்த இடம் எப்படி வந்தது? தங்கப்பற்களும் திரைப்பட வேடங்களும் சேர்ந்து தேடித் தந்த புகழா?

கேட்டவர் அடுக்கிய மூன்று குறைகளையும் நான் மறுக்கப் போவதில்லை; மூன்றும் உண்மை. அவற்றை ஒப்புக்கொண்ட பிறகும், 1992-க்கும் 1995-க்கும் இடையில் இந்த இசை அடைந்த மாற்றத்தை அவரை ஒதுக்கிவிட்டுச் சொல்ல முடியாது என்பதே என் கணிப்பு. அதை விளக்க, அவர் எந்தக் கலையிலிருந்து இசைக்கு வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோல்டியின் இயற்பெயர் கிளிஃபர்ட் ஜோசஃப் பிரைஸ். 1965 செப்டம்பர் 19 அன்று இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள வால்சால் என்ற தொழில் நகரத்தில் பிறந்தார். தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். சிறு வயதிலேயே அரசுப் பராமரிப்பில் விடப்பட்டதால் வளர்ப்புக் குடும்பங்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் மாறி மாறி வளர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹிப் ஹாப் அலை இங்கிலாந்தின் சிறு நகரங்கள் வரை வந்து சேர்ந்தபோது, பிரேக் டான்ஸும் கிராஃபிட்டி என்ற சுவரெழுத்து ஓவியமும் அவரைப் பிடித்துக்கொண்டன. அப்போது அவர் வைத்திருந்த சடைமுடியைப் பார்த்து நண்பர்கள் ‘கோல்டிலாக்ஸ்’ என்று அழைத்ததே, சடை போன பிறகு ‘கோல்டி’ என்று சுருங்கியது. தங்கப்பற்களால் வந்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். பற்கள் பிறகு வந்தவை.

வுல்வர்ஹாம்ப்டன் நகரின் ஹீத் டவுன் அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியில் அவர் வரைந்த சுவர்கள்தான் அவரை முதலில் வெளியுலகுக்குக் காட்டின. டிக் ஃபொன்டெய்ன் இயக்கி 1987-இல் வெளிவந்த ‘பாம்பின்’ என்ற ஆவணப்படத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த சுவரோவியர் பிரிம்முடன் இளம் கோல்டியும் இடம்பெறுகிறார். கிராஃபிட்டிக்காரரின் வேலை முறையை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுவருக்குப் போகும் முன்பே கையிலுள்ள வரைபுத்தகத்தில் முழு ஓவியமும் முடிந்திருக்கும். சுவரில் முதலில் ஒருவர் புறக்கோட்டைப் போடுவார். உள்ளே வண்ணம் நிரப்புவது குழுவில் இருக்கும் யாராகவும் இருக்கலாம். கடைசியில் நிழலும் வெளிச்சமும் சேர்த்து எழுத்தைச் சுவரிலிருந்து புடைத்து நிற்கச் செய்வார்கள். வெறும் பெயர்தான் எழுதப்படுகிறது. ஆனால் அதைப் படிக்கவே முடியாத அளவுக்கு வளைத்து, பின்னி, அம்பும் முனையுமாக நீட்டுவதில்தான் கலை இருக்கிறது. இருக்கும் எழுத்தை எடுத்து அடையாளம் தெரியாமல் வளைப்பது, திட்டம் ஒருவருடையதாகவும் கைகள் பலருடையவையாகவும் இருப்பது: கோல்டி பின்னாளில் ஸ்டுடியோவில் செய்ததும் இதேதான்.

நியூயார்க்கிலும் மயாமியிலும் சில காலம் இருந்துவிட்டு, மயாமியில் தங்கப்பல் அச்சுகள் விற்றுப் பிழைத்துவிட்டு, 1980களின் இறுதியில் அவர் இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் அவர் சந்தித்த இரண்டு பெண்கள் அவருடைய பாதையை மாற்றினார்கள். ஒருவர் ஒப்பனைக் கலைஞராக இருந்த கெமிஸ்ட்ரி. மற்றவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பணியில் இருந்த ஸ்டார்ம். இருவரும் சேர்ந்து தட்டுகளை இயக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவரை சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் அடியிலுள்ள வளைவுகளில் இயங்கிய ஹெவன் கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வியாழக்கிழமை இரவுகளில் ‘ரேஜ்’ என்ற பெயரில் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரு டிஜேக்கள் இசை வழங்கினார்கள். ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசைத் தட்டுகளோடு ஹிப் ஹாப்பின் உடைந்த தாளங்களை வேகமேற்றிக் கலந்து, இன்னும் பெயர் வைக்கப்படாத ஒன்றை வாரந்தோறும் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இசையைத் தானே செய்ய வேண்டும் என்ற வெறி கோல்டிக்கு அங்கேதான் பிடித்தது.

அந்த இசை என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. டிரம் அண்ட் பேஸ், அதற்கு முந்தைய பெயரான ஜங்கிள், இரண்டுக்கும் அடிப்படை ‘பிரேக்’. பழைய ஃபங்க், சோல் இசைத்தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் தனியாக வாசிக்கும் பகுதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைச் சாம்ப்ளர் கருவியில் பதிந்து, அடி அடியாக வெட்டி, வரிசை மாற்றி அடுக்கி, நிமிடத்துக்கு 160 முதல் 175 அடிகள் வரையிலான வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு அடியில் ஓடும் பேஸ் என்ற தாழ்ந்த சுருதி ஒலி மட்டும் பாதி வேகத்தில் நிதானமாக நகரும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மேலே துரித காலம், கீழே விளம்ப காலம், இரண்டும் ஒரே நேரத்தில். அவசரப்படுபவர் டிரம்ஸோடு போகலாம், நிதானமானவர் பேஸோடு போகலாம். நல்ல பாட்டாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் தொங்க வேண்டியிருக்கும்.

இந்தப் பிரேக்குகளில் மிகப் புகழ்பெற்றது ‘ஆமென்’. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு சுற்றுத் தாளம் அது. சுமார் ஏழு நொடிகள்தான். ஜங்கிளின் பெரும்பகுதி அந்த ஏழு நொடிகளின் மேல் கட்டப்பட்டது. ஆனால் கோல்மனுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். இந்த இசையை நேசிக்கும் எவரும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோல்டிக்கு வருவோம். கெமிஸ்ட்ரியும் ஸ்டார்மும் வழியாக அவர் ஃபோர்ஹீரோ என்ற இசைக்குழுவின் டீகோ, மார்க் மேக் ஆகியோரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்களுடைய ரீஇன்ஃபோர்ஸ்டு ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வட லண்டனின் டாலிஸ் ஹில் பகுதியில் இயங்கியது. பிரேக்குகளின் மேல் கட்டும் இசையின் பரிசோதனைக் கூடம் என்று அதைச் சொல்லலாம். அங்கே முதலில் ஓவியராகவும் ஆலோசகராகவும் ஒட்டிக்கொண்டவர், மெல்ல ஸ்டுடியோவுக்குள் நுழைந்து ‘ரூஃபிஜ் குரு’ என்ற பெயரில் தட்டுகள் வெளியிடத் தொடங்கினார். இயந்திரத்தின் பொத்தான்களை அவர் அழுத்தவில்லை. எந்த ஒலி எங்கே வர வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்று வாயால் சத்தமிட்டும், கையால் காற்றில் வரைந்தும், காகிதத்தில் கிறுக்கியும் ஒலிப்பொறியாளரிடம் கேட்டு வாங்கினார். அந்தக் கருவியால் அது முடியாது என்று ஒரு தேர்ந்த பொறியாளருக்குத் தெரிந்திருக்கும், கோல்டிக்குத் தெரியாது. தெரியாததால் கேட்டுக்கொண்டே இருந்தார். அறியாமை ஒரு கருவியாக வேலை செய்த அபூர்வமான நேர்வு இது. இதைப் பொதுவிதியாக்க நான் விரும்பவில்லை. அவரைப் போலவே எதையும் கற்காமல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த பலருடைய தட்டுகள் கேட்கத் தகுதியற்றவை.

இந்த முறையின் முதல் பெரிய விளைவு ‘டெர்மினேட்டர்’. 1992-இல் ‘மெட்டல்ஹெட்ஸ்’ என்ற பெயரில் சிந்தெட்டிக் என்ற சிறிய லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், வந்தது; மார்க் ரதர்ஃபர்ட் ஒலிப்பொறியாளர். அதில் நடந்தது என்ன என்பது இன்றைய காதுக்குச் சட்டென்று புரியாது, ஏனென்றால் இன்று கைபேசியிலேயே அதைச் செய்துவிடலாம். அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். இசைத்தட்டை வேகமாகச் சுழற்றினால் தாளமும் வேகமாகும், சுருதியும் ஏறும். மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் இறங்கும். வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதே டிஜேக்களின் அனுபவம். ‘டெர்மினேட்டர்’ பாட்டின் நடுவில் டிரம்ஸின் சுருதி படி படியாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. தாளத்தின் வேகமோ அசையவில்லை. ஈவென்டைட் ஹார்மனைசர் என்ற கருவியை வைத்து அந்தக் கட்டை அவிழ்த்திருந்தார்கள். நடன தளத்தில் கேட்டவருக்கு உடல் ‘வேகம் கூடப் போகிறது’ என்று எதிர்பார்த்துத் துள்ளும். கால் வைத்தால் தளம் அதே இடத்தில் இருக்கும். மாடிப்படி இன்னும் ஒன்று இருப்பதாக நினைத்துக் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறுவோமே, அந்த உணர்ச்சிதான் அது. மற்ற தயாரிப்பாளர்கள் அந்தத் தட்டை மறுபடி மறுபடி ஓடவிட்டு, எப்படிச் செய்தார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒலியை நீட்டுவதும் வளைப்பதும் ஜங்கிளின் அன்றாட மொழியாகிவிட்டது.

‘டெர்மினேட்டர்’ இருண்ட, இரக்கமற்ற இசை. அந்தக் காலத்து ரேவ் என்ற இரவு நடனக் கூட்டங்களின் களிப்பு வடிந்துபோய் அச்சம் படிந்திருந்த மனநிலைக்குப் பொருந்தியது. அதே பாதையில் போயிருந்தால் கோல்டி ஒரு நல்ல இருண்மைத் தயாரிப்பாளராக மட்டும் நின்றிருப்பார். 1993-இல் வந்த ‘ஏஞ்சல்’ அவரைத் திசை திருப்பியது. அதே வெட்டிய தாளங்கள், அதே உலோகச் சத்தங்கள். ஆனால் அவற்றின் மேல் மான்செஸ்டரைச் சேர்ந்த டயான் சார்லமேன் பாடினார். 52ண்ட் ஸ்ட்ரீட் குழுவில் பாடி வந்தவர், சோல் மரபின் தேர்ந்த குரல். அதுவரை ஜங்கிள் பாட்டுகளில் பெண் குரல் என்றால் பழைய தட்டிலிருந்து ஒரு வரியைச் சாம்பிள் எடுத்து, வேகமேற்றி, கீச்சுக் குரலாக்கி ஒட்டுவதுதான் வழக்கம். இங்கே ஒரு பாடகி ஸ்டுடியோவில் நின்று, மூச்சுவிட்டு, அந்த வேகத்தின் மேல் தன் நிதானத்தில் பாடினார். டிரம்ஸ் ஓடட்டும் என்று விட்டுவிட்டு பேஸின் காலத்தில் நடந்தார். மேற்சொன்ன இரண்டு காலங்களுக்கும் நடுவில் ஒரு மனிதக் குரலுக்கு இடம் இருக்கிறது என்பதை அந்தப் பாட்டு காட்டியது.

அடுத்து வந்ததுதான் ‘இன்னர் சிட்டி லைஃப்’. 1994 நவம்பரில் எஃப்எஃப்ஆர்ஆர் நிறுவனம் தனிப்பாட்டாக வெளியிட்டது. மறு ஆண்டு வந்த ‘டைம்லெஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டின் முதல் பகுதியாகவும் அது அமைந்தது. அந்த முதல் பாட்டின் நீளம் 21 நிமிடம். ‘இன்னர் சிட்டி லைஃப்’, ‘பிரெஷர்’, ‘ஜா’ என மூன்று பகுதிகள் இடைவெளியின்றி ஓடுகின்றன. டிஜேக்கள் வாங்கும் 12 அங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் வழக்கமாக ஆறேழு நிமிடங்கள்தான் பதிவார்கள். நிமிடம் கூடக் கூட வரிப்பள்ளங்கள் நெருங்கி, பேஸின் வலிமை குறைந்துவிடும். ஆக 21 நிமிடப் பாட்டு என்பது டிஜேக்களுக்காகச் செய்த பாட்டே அல்ல. கிளப்புக்காகவே பிறந்த இசையை எடுத்து, உட்கார்ந்து கேட்கும் நீண்ட வடிவத்துக்குக் கொண்டுபோன துணிச்சல் அதில் இருக்கிறது.

அந்த 21 நிமிடங்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தொடக்கத்தில் தாளம் வருவதில்லை. தந்தி வாத்தியங்களைப் போன்ற மின்னொலி, விடியற்காலை மூட்டம்போல் பரவுகிறது; அதற்குள்ளிருந்து சார்லமேனின் குரல், நகரத்தின் நடுவே வாழ்வதன் அழுத்தத்தைப் பற்றிய ஒருசில சொற்களையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வருகிறது. டிரம்ஸ் நுழையும்போது குரலுக்குப் பணிந்து நுழைவதில்லை. அடிகள் நூறு துண்டாகச் சிதறி நாலாபக்கமும் பாய்கின்றன. ஆனால் குரல் அசைவதில்லை. பிறகு ‘பிரெஷர்’ பகுதியில் வெளிச்சம் குறைந்து, இசை இறுகி, ‘ஜா’ பகுதியில் ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகளோடு தட்டுகளை ஓடவிடும் ஒலிக்கூட்டங்களின் கரடுமுரடு முழுதாக வெளியே வருகிறது. அதன் பின்னர் முதற்பகுதியின் மூட்டம் திரும்புகிறது. திரும்பும்போது அதே மெட்டுதான், ஆனால் இடையில் நாம் கடந்து வந்த இடத்தை அது நினைவு வைத்திருப்பதுபோல் ஒலிக்கிறது. வால்சாலின் குழந்தைகள் இல்லங்களையும் ஹீத் டவுனின் கான்கிரீட் கோபுரங்களையும் தெரிந்துகொண்டு கேட்டால் இந்தப் பாட்டு இன்னும் ஆழமாகப் போகும். தெரியாமல் கேட்டாலும் எதுவும் குறையாது.

1995 கோடையில் இரட்டைத் தட்டாக வெளிவந்த ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடத்தை எட்டியது. தட்டுக்கடைகளின் பின்புற அலமாரியில், வெள்ளை உறையில், பெயர்கூட அச்சிடப்படாமல் விற்ற இசைக்கு இது பெரிய பாய்ச்சல். டிரம் அண்ட் பேஸில் ஆல்பம் என்ற வடிவம் சாத்தியம், பெரிய நிறுவனங்கள் அதில் பணம் போடலாம் என்பதை அது நிரூபித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997-இல், பிரிஸ்டலைச் சேர்ந்த ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் ‘நியூ ஃபார்ம்ஸ்’ ஆல்பத்துக்காக, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டிஷ் விருதான மெர்க்குரி பரிசை வாங்கியபோது, அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

இந்த இடத்தில் கேள்வியின் இரண்டாவது குறையை நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘டைம்லெஸ்’ ஆல்பத்தின் ஒலியை வடித்ததில் ராப் பிளேஃபோர்டின் பங்கு மிகப் பெரியது. மூவிங் ஷேடோ என்ற முக்கியமான லேபிளின் உரிமையாளர் அவர்; தாமே தயாரிப்பாளர். கோல்டி கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கட்டிக் கொடுத்தவர். மேலட்டையில் கோல்டியின் பெயர் மட்டும் இருக்க, பிளேஃபோர்டின் பெயர் உள்ளே சின்ன எழுத்தில் இருப்பது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். இந்த இசைத்துறையில் ஒலிப்பொறியாளர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு பொதுவாகவே சேரவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரதர்ஃபர்ட், டீகோ, மார்க் மேக், பிளேஃபோர்ட் எனப் பக்கத்தில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; அவர்கள் ஒவ்வொருவரும் தனியாகச் செய்த நல்ல இசையும் நமக்குக் கிடைக்கிறது. அதையும் கோல்டியோடு செய்ததையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பின்னதில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மிகைக் குணம், எழுத்தைப் படிக்க முடியாதவரை வளைக்கும் அந்தப் பழைய பிடிவாதம், தனியே தெரியும். புறக்கோடு அவருடையது.

ஆல்பத்துக்கு இணையாக அவர் கட்டிய மற்றொன்று மெட்டல்ஹெட்ஸ் லேபிள். 1994-இல் கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் இருவரோடும் சேர்ந்து தொடங்கினார். காதொலிப்பான் மாட்டிய மண்டையோடு அதன் சின்னம். பெயருக்குப் பின்னால் டப்பிளேட் பித்து இருக்கிறது. புதிதாகச் செய்த பாட்டைக் கடைக்கு அனுப்பும் முன், ஒரே ஒரு பிரதியாக வெட்டி எடுக்கும் தட்டுதான் டப்பிளேட். ஜமைக்க ஒலிக்கூட்டங்களிலிருந்து வந்த பழக்கம். அலுமினியத் தகட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு. அதில் ஊசி பள்ளம் வெட்டும். கையில் எடுத்தால் சாதாரணத் தட்டைவிடக் கனமாக இருக்கும். சில பத்து முறை ஓடியதும் பூச்சு தேய்ந்து உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். வட லண்டனின் மியூசிக் ஹவுஸ் என்ற வெட்டுக்கூடத்தில் வார இறுதிக்கு முன் டிஜேக்கள் வரிசையில் காத்திருப்பார்கள். யார் யாருடைய பாட்டை வெட்டுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதே ஒரு தொழில் ரகசியம். தேயும் தட்டுக்குப் பணம் கொடுத்து வாங்குவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வாரம் உலகில் வேறு யாரிடமும் இல்லாத பாட்டு கையில் இருப்பதே ஒரு டிஜேயின் மதிப்பு. அந்தத் தகட்டு உலோகத்தின் மேல் பித்துக் கொண்டவர்கள்தான் மெட்டல்ஹெட்ஸ்.

லேபிளின் முதல் சில ஆண்டுப் பட்டியலைப் பார்த்தாலே கோல்டியின் காது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். டில்லிஞ்சாவின் ‘தி ஏஞ்சல்ஸ் ஃபெல்’, அலெக்ஸ் ரீஸின் ‘பல்ப் ஃபிக்ஷன்’, ஆடம் எஃப்பின் ‘மெட்ரோபோலிஸ்’; ஃபோட்டெக், சோர்ஸ் டைரக்ட், பெஷே, ஜே மேஜிக், லெமன் டி, டாக் ஸ்காட். ஒருவர் செய்வது மற்றவர் செய்வதைப் போல இல்லை. ‘பல்ப் ஃபிக்ஷன்’ பாட்டில் வெட்டிக் குதறிய தாளமே கிடையாது. இரண்டே அடிகள் திரும்பத் திரும்ப நடை போடுகின்றன. தான் பிரபலப்படுத்திய பாணிக்கு நேர் எதிரான பாட்டையும் தன் சின்னத்தின் கீழ் வெளியிட ஒருவருக்குத் தன்னம்பிக்கை வேண்டும்.

1995-இல் லண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்திலிருந்த புளூ நோட் கிளப்பில் மெட்டல்ஹெட்ஸின் ஞாயிறு இரவுகள் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை என்பது தற்செயல் தேர்வாகத் தோன்றலாம். ஆனால் அதில்தான் சூட்சுமம். வெள்ளியும் சனியும் டிஜேக்கள் நாடு முழுவதும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு இரவு எல்லோருக்கும் ஓய்வு. ஆகவே கூட்டத்தில் பெரும்பகுதி அதே தொழிலில் இருப்பவர்கள். அந்த வாரம் வெட்டிய டப்பிளேட்டை அங்கே ஓடவிட்டால், நாட்டின் மிகக் கடுமையான காதுகள் அதே அறையில் நின்று தீர்ப்புச் சொல்லும். பிடித்துவிட்டால் ‘ரீவைண்ட்’ என்று கூச்சல் எழும். தட்டைப் பின்னோக்கி இழுத்து முதலிலிருந்து மறுபடி விடுவார்கள். பிடிக்காவிட்டால் அமைதி, அது போதும். திங்கட்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாட்டைத் திருத்துவார்கள். அரங்கேற்றமும் தேர்வும் ஒன்றாக நடந்த இடம் அது. கோல்டி அங்கே தட்டு ஓட்டிய நேரத்தைவிட, நடுவில் நின்று ஆட்டம் போட்டுக்கொண்டும், யாரையாவது பிடித்து இன்னொருவரிடம் அறிமுகப்படுத்திக்கொண்டும் இருந்த நேரம் அதிகம். மூன்றாவது குறைக்கான விடை இதில் இருக்கிறது: டிஜேயாக அவர் சுமாராக இருந்ததால் எந்த நட்டமும் வரவில்லை, ஏனென்றால் நல்ல டிஜேக்கள் எல்லோரும் அவருடைய அறையில் இருந்தார்கள்.

இந்தக் கதையில் கெமிஸ்ட்ரியின் பெயர் அடிக்கடி கடந்து போய்விடுகிறது, அது சரியல்ல. கோல்டியை இந்த இசைக்குக் கொண்டுவந்ததும், லேபிளின் தொடக்க ஆண்டுகளில் அன்றாட வேலைகளைத் தாங்கியதும் அவரும் ஸ்டார்மும்தான். இருவரும் சேர்ந்து ‘டிஜே-கிக்ஸ்’ தொகுப்பை 1999 தொடக்கத்தில் வெளியிட்டார்கள். ஆண்கள் நிறைந்த துறையில் பெண்கள் இருவர் அடைந்த பெரிய உயரம் அது. அதே ஆண்டு ஏப்ரல் 25 அதிகாலை, சவுத்ஹாம்ப்டனில் நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, முன்னால் போன வேன் சாலையில் பதித்திருந்த பிரதிபலிப்பானின் இரும்புக் கட்டையைப் பெயர்த்து எறிய, அது முன்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து கெமிஸ்ட்ரியின் உயிரைப் பறித்தது. அவருக்கு வயது 35. ‘டைம்லெஸ்’ ஆல்பத்தில் ‘கெமிஸ்ட்ரி’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது வைத்த பெயர் அது.

1998-இல் வந்த இரண்டாவது ஆல்பம் ‘சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்’. முதல் தட்டின் பெரும்பகுதியை ‘மதர்’ என்ற ஒரே பாட்டு நிரப்புகிறது. ஒரு மணி நேரம் ஓடும். தன்னைக் கைவிட்ட தாயோடு இசையில் கணக்குத் தீர்க்கும் முயற்சி. இரண்டாவது தட்டில் ராக் கலைஞர் நோயல் கேலகர், ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் போன்றவர்கள் வருகிறார்கள். டேவிட் போவியும் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். விமர்சகர்களில் பெரும்பாலோர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நான் அந்த ஆல்பத்தை வெறுப்பவன் அல்லன். ‘மதர்’ பாட்டின் நடுப்பகுதியில், தந்திகள் விலகித் தாளம் எழும் இடம் உண்மையிலேயே உலுக்குகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தைத் தாங்கும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. 21 நிமிடம் வென்றதால் 60 நிமிடமும் வெல்லும் என்று கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

அதற்குப் பின் கோல்டி பொதுமக்களுக்குத் திரைமுகமாக மாறினார். 1999-இல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’, 2000-இல் ‘ஸ்னாட்ச்’, அடுத்து ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர். கேள்வி கேட்டவர் நினைத்த புகழ் இந்தக் காலத்தது. இசைக்கும் அதற்கும் அதிகத் தொடர்பில்லை. சுவையானது 2008-இல் பிபிசி நடத்திய ‘மேஸ்ட்ரோ’ போட்டி. பிரபலங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்றுக்கொடுத்துப் போட்டியிடச் செய்த நிகழ்ச்சி அது. இசைக்குறியீடு படிக்கத் தெரியாத கோல்டி இறுதிச் சுற்று வரை போய் நகைச்சுவைக் கலைஞர் சூ பெர்கின்ஸிடம் தோற்றார். மறு ஆண்டு ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் ‘பிராம்ஸ்’ செவ்வியல் இசை விழாவுக்கென ‘சைன் டெம்போரே’ என்ற சிறிய ஆர்கெஸ்ட்ரா படைப்பையும் செய்தார். அதற்கும் அவர் கையாண்ட வழி பழையதுதான்: மனதில் கேட்டதைக் காகிதத்தில் வடிவங்களாக வரைந்து, தெரிந்தவர்களைக் கொண்டு குறியீடாக மாற்றுவது.

2014-இல் ‘டைம்லெஸ்’ ஆல்பம் முழுவதையும் லண்டன் மெல்ட்டௌன் விழாவில் ஹெரிட்டேஜ் ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசித்தது. சாம்ப்ளரில் வெட்டி ஒட்டிய தாளங்களை மனிதக் கைகள் மேடையில் அந்த வேகத்தில் அடித்தன. மறு ஆண்டு அக்டோபரில் டயான் சார்லமேன் புற்றுநோயால் இறந்தார். 2016-இல் கோல்டிக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது; 2017-இல் ‘தி ஜர்னி மேன்’ என்ற நீண்ட ஆல்பம் வந்தது; ‘சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்’ ஆல்பத்தைவிட அடக்கமும் தெளிவும் உள்ள படைப்பு. தாய்லாந்தில் குடியேறி ஓவியத்தையும் இசையையும் தொடர்ந்தார். மெட்டல்ஹெட்ஸ் லேபிளும் தொடர்ந்து இளையவர்களின் தட்டுகளை வெளியிட்டு வந்திருக்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் முதலில் ‘ஏஞ்சல்’, அடுத்து ‘டெர்மினேட்டர்’, அதன் பிறகு ‘டைம்லெஸ்’ முதற்பாட்டின் 21 நிமிட வடிவம் என்ற வரிசையில் போகலாம். சுருக்கிய வானொலி வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் அருகே ஓடும் பேஸ் அதில் வரவே வராது, மேலே சிதறும் டிரம்ஸ் மட்டும் தகரத்தில் மழை பெய்வதுபோல் கேட்டு எரிச்சலூட்டும். நல்ல காதொலிப்பானோ, கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கியோ இருந்தால், முதல் முறை டிரம்ஸை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இரண்டாம் முறை டிரம்ஸுக்கு வாருங்கள்.